இரண்டரை சென்ட் வெளி

வியாழக்கிழமை காலையிலிருந்து பூமி முழுவதும் என் வீடு. எங்கள் வீடு மட்டும் என் வீடு இல்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தது.

எனக்கு இது பஸ்ஸில் தெரிந்தது. கண்டக்டர் டிக்கெட் தர மறுத்துவிட்டார்.

"சொந்த வீட்டுக்குள்ள போறதுக்கு எதுக்கு அண்ணாச்சி டிக்கெட்?" என்றார்.

அவர் காலில் செருப்பு இல்லை. டிரைவர் காலிலும் இல்லை. பஸ்ஸில் யார் காலிலும் இல்லை. அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு திரிகிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

"எல்லாரும் எங்க கழட்டினீய?" என்று கேட்டேன்.

"ஒங்க பழைய வீட்டு மதிலுக்குள்ள போட்டுட்டு வந்தோம். இப்ப அது ஒண்ணுதான வெளிய?"

நான் மட்டும் செருப்புப் போட்டிருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

என் பெயர் சொரிமுத்து. பூமித் தேடல் நிலையத்தில் பதினோரு வருடமாக மூலை எழுத்தர். செயற்கைக்கோள்கள் பூமியைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. படங்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. யாராவது வந்து, என் குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா, என் தோப்பு பச்சையாக இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த இடத்தின் மூலைகளை வரிசையாகக் கணினியில் ஏற்றுவது என் வேலை. மூலைகளுக்குள் அடங்கும் படங்களைக் கணினி தேடிக் கொடுக்கும். மூலை தப்பினால் அடுத்தவன் குளம் வந்துவிடும். என் கையில் இதுவரை ஒரு மூலை தப்பியதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்வதில்லை.

போன மாதம் நிலையத்துக்குப் புது மென்பொருள் வந்தது. பழையது பூமியைப் பாய்போல் தட்டையாக விரித்து வைத்துத் தேடும். புதியது உருண்டையாகவே வைத்துத் தேடும். ஊழியர்கள் அவரவர் வீட்டை ஏற்றிப் பழக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. புதன்கிழமை சாயங்காலம் இடங்காட்டிக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டைச் சுற்றி வந்தேன். இரண்டரை சென்ட் மனை. ஈசான மூலை, அக்கினி மூலை, கன்னி மூலை, வாயு மூலை. ஒவ்வொரு மூலையிலும் நின்று பொத்தானை அழுத்தினேன். கடைசியில் திரும்பவும் ஈசான மூலை. முதல் மூலையை மறுபடி சொன்னால்தான் சுற்று முடிந்தது என்று கணினி ஒப்புக்கொள்ளும்.

உலகம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் என் மனைவி.

"காலர் பின்னாடி கிழிஞ்சிருக்கு. கழட்டிக் கொடுங்க, தச்சுத் தாரேன்" என்றாள்.

"கிழியல" என்றேன்.

"ஒங்க முதுகு ஒங்களுக்கா தெரியும், எனக்கா தெரியும்?"

"கிழியல."

மறுநாள் காலை அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எனக்குப் பிடிக்காது. அதையும் நான் சொல்லவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குத் திரும்பி நடந்தேன். தெருவில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. யாரோ ஊருக்கே டியூப் லைட் போட்டிருந்தார்கள். வானம் எங்கள் வீட்டுக்கு மேலே மட்டும் இருந்தது. மதிலுக்கு மதில் அளவெடுத்து வெட்டிய வானம். மேகங்கள் அதில் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

மதிலைச் சுற்றி ஊரே நின்றது. பக்கத்து வீட்டு இசக்கி மதினி எங்கள் முற்றத்துக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தாள். வெளியே காற்றாட உட்கார வேண்டும் என்று நாலு பேர் நாற்காலியோடு வந்திருந்தார்கள். செருப்புகள் மதிலைத் தாண்டி விழுந்துகொண்டே இருந்தன. உலகம்மாள் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அவற்றை ஜோடி சேர்த்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒற்றைச் செருப்பைக் கண்டால் ஆகாது.

"என்ன செஞ்சு வச்சிருக்கீய?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"நான் ஒண்ணும் செய்யல."

"காலையில ஐஸா கொட்டிச்சு. தோசை மாவுல விழுந்துட்டு. அரை மணி வெயிலு, அரை மணி மழை. ஊரு மழையெல்லாம் எந்தலையிலதான் பெய்யணுமா?"

கேட்டைத் திறந்து உள்ளே காலை வைத்தேன். கால் ஊன்றியதும் பார்த்தால், மதிலுக்குப் பின்னால், பின்பக்கச் சந்தில் முருங்கை மரத்தடியில் நிற்கிறேன். சுற்றி வந்து மறுபடி காலை வைத்தேன். மறுபடி முருங்கை மரம். மூன்றாவது முறை ஓடிப் பார்த்தேன். முருங்கை மரத்தில் மோதிக்கொண்டேன். செருப்பைக் கழற்றி மதிலுக்கு மேலே வீசினேன். அது வீட்டின் மேலே பறந்து பின்பக்கச் சந்தில் விழுந்தது. போய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

உலகம்மாள் வெளியே வரப் பார்த்தாள். அவளுக்குக் கேட் திறக்கவே இல்லை.

"நான் இப்ப வெளியவா இருக்கேன், உள்ளயா இருக்கேன்?" என்று கேட்டாள்.

"வெளிய."

"அப்ப எப்ப வீட்டுக்கு வருவேன்?"

கேட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் சாப்பிடாமல் போனதுதான் காரணம் என்று அவள் முடிவு செய்தாள். உள்ளே போய் டிபன் பாக்ஸை எடுத்து வந்து மதிலுக்கு மேலே நீட்டினாள். அவள் கை மதிலோடு நின்றுவிட்டது. மீதிக் கை பின்பக்க மதிலில் நீண்டது. நான் சுற்றி ஓடிப் போய் வாங்கிக்கொண்டேன். அவளுடைய வளையலைத் தொட்டுப் பார்க்க நினைத்தேன். அதற்குள் கையை எடுத்துவிட்டாள்.

நிலையத்துக்குப் போனேன்.

முதலில் தட்டைப் பிரிவு. நான் வேலை பார்க்கிற இடம். அங்கே வட துருவம் ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு. பூமியைப் பாயாக விரித்தால் உச்சிப் புள்ளியும் மேல் ஓரம் முழுக்க இழுபடும். அதனால் மேல் சுவர் நெடுக முந்நூற்று அறுபது நாற்காலிகள். எல்லாவற்றிலும் துருவ எழுத்தர் தாணுலிங்கம் உட்கார்ந்திருப்பார். ஆள் ஒருவர்தான். நாற்காலிதான் அதிகம். வீட்டிலிருந்து ஒரே ஒரு சாப்பாட்டுப் பாத்திரம் வருகிறது என்று எப்போதும் குறைப்படுவார்.

முதல் நாற்காலியில் விஷயத்தைச் சொன்னேன்.

"அடுத்த நாற்காலியில கேளும்" என்றார்.

"அங்கயும் நீருதானவே இருக்கீரு."

"அவரு வேற பொறுப்பு."

அடுத்த நாற்காலியில் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாற்காலிக்குப் போனேன். "காலை" என்றார். அடுத்தது, "பத்தரைக்கு". முதல் நாற்காலியைத் தவிர, ஒரு நாற்காலிக்கு ஒரு சொல்தான் அனுமதி. நகர்ந்துகொண்டே கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு எங்கள் தெருவுக்கு நேர் மேலே செயற்கைக்கோள் வருகிறது. படம் எடுக்கும். படத்தில் உள்ளே என்று விழுந்தது என்றைக்கும் உள்ளே. வெளியே என்று விழுந்தது என்றைக்கும் வெளியே. பிறகு திருத்த முடியாது.

"என் வீட்டம்மா வெளிய இருக்கா" என்றேன் நாற்பத்தோராவது நாற்காலியில்.

"ஐயோ" என்றார்.

அதுதான் அவருடைய சொல். அடுத்த நாற்காலியில், "உருண்டைப்" என்றார். அதற்கடுத்ததில், "பிரிவு" என்றார். அங்கே போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

உருண்டைப் பிரிவுக்கு ஒரு நடைவழி உண்டு. வளையாமல் நேரே போகிற நடைவழி. நேரே போனால் வந்துவிடும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். இருபது நிமிடம் நடந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். என் உயரம். என் நடை. சட்டைக் காலர் பின்னால் கிழிந்து தொங்கியது.

பாவம், வீட்டில் சொல்ல ஆள் இல்லைபோல என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். நான் நின்றேன். அவரும் நின்றார். நான் என் காலருக்குப் பின்னால் கையை விட்டேன். அவரும் விட்டார். அவருடைய இரண்டு விரல்கள் கிழிசல் வழியாக வெளியே வந்தன.

அதற்குப் பிறகு அவரை நான் கூப்பிடவில்லை.

உருண்டைப் பிரிவின் அதிகாரி செண்பகவடிவு மேடம். ஐம்பது வயது இருக்கும். மேசையில் கோப்பு எதுவும் இல்லை. ஒரு சாத்துக்குடி மட்டும் இருந்தது. நான் பேசி முடிக்கும்வரை அதை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவால் அதன் மேல் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

"இதுல உள்ள எது?" என்று கேட்டார்.

வட்டத்துக்கு நடுவில் விரலை வைத்தேன்.

"ஏன், மீதிப் பழம் உள்ள இல்லையா? அதுக்கும் இதே கோடுதான வேலி?"

"சின்னதுதான மேடம் உள்ள இருக்கும்?"

"அது ஒங்க நெனப்பு. கம்ப்யூட்டருக்குப் பெரிசு சின்னது தெரியாது. தட்டையில கட்டம் போட்டா உள்ள ஒண்ணுதான். உருண்டையில கோடு போட்டா ரெண்டு பக்கமும் உள்ளதான். எது வேணும்னு நாமதான் சொல்லணும். கோட்டு மேல நடந்து போகும்போது இடதுகைப் பக்கம் எதுவோ, அது உள்ள. அவ்வளவுதான் விதி. நீங்க எப்படிச் சுத்தினீங்க?"

"வலமா" என்றேன்.

"வீடு வலதுகைப் பக்கம் இருந்துச்சா?"

"ஆமா."

"இடதுகைப் பக்கம்?"

யோசித்தேன். இடதுகைப் பக்கம் தெரு இருந்தது. தெருவுக்கு அப்பால் ஊர். ஊருக்கு அப்பால் தாமிரபரணி. அதற்கு அப்பால் மற்றதெல்லாம்.

"கோயிலைச் சுத்துற மாதிரி சுத்திருக்கீங்க" என்றார் மேடம். "உங்க வீட்டோட நடுக்கூடம் இப்ப பூமிக்கு அந்தப் பக்கம், பசிபிக் கடல்ல இருக்கு."

"வேற எப்படிச் சுத்துறது? வலமாத்தான சுத்துவாங்க?"

"இடமாச் சுத்துங்க. வீடு இடதுகைப் பக்கம் இருக்கணும். அஞ்சு பொத்தான். செவ்வாய்க்கிழமை பத்தரைக்குள்ள."

நான் எழுந்துவிட்டேன். எங்கள் பக்கம் இடமாகச் சுற்றுவது ஒரே ஒரு இடத்தில்தான். சுடுகாட்டில். நடுவில் படுத்திருப்பவர் எழுந்திருக்க மாட்டார்.

"உள்ள என் வீட்டம்மா இருக்கா மேடம்" என்றேன்.

"வெளிய" என்று திருத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்குப் புரியாது."

ஒரு படிவம் கொடுத்தார். திருத்தம் கோரும் படிவம். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தப்பு யாருடையது?

காற்று என்று எழுதினேன். படிவம் வெள்ளையாகிவிட்டது. கருவி என்று எழுதினேன். மறுபடி வெள்ளை. மென்பொருள், சுற்றறிக்கை, தாணுலிங்கம். எதை எழுதினாலும் மை உள்ளே போய்விட்டது. மேடம் சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தார். கடைசியில் என் பெயரை எழுதினேன். அது அப்படியே நின்றது. பதினோரு வருடத்தில் என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக விழுந்து நான் பார்த்ததில்லை.

மேடம் எனக்கு இரண்டு சுளை கொடுத்தார். வட்டம் போட்ட பக்கத்துச் சுளைகள்.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் நான்கு நாளும் மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டு இருந்தேன். எங்கே இருந்தாலும் என் வீடுதான். இருந்தாலும் அங்கேதான் இருந்தேன். உலகம்மாள் அந்தப் பக்கம் குடைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பேசுவதற்கு நிறைய இருந்தது. வீட்டுக்குள் ஒன்றாக இருந்த காலத்தில் இவ்வளவு பேசியதில்லை. அப்போது நான் வந்ததும் மூலைகளைப் பற்றிச் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பாள்.

எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. வீட்டுக்காரர் என்று விலாசமிட்டு வந்தன. அவளுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ஒருவர் பூமியின் தென் கோடியிலிருந்து எழுதியிருந்தார். உங்கள் தெற்கு அறையில் மூன்று மாதமாக விளக்கு அணையவே இல்லை, கவனிக்கவும்.

"இருக்கட்டும்னு எழுதுங்க" என்றாள் உலகம்மாள். "அங்க உள்ள பிள்ளைக படிக்கும்."

இன்னொருவர் கப்பலில் வேலை பார்ப்பவர். உங்கள் நடுக்கூடத்துக்குள் ஒரு திமிங்கிலம் வந்துவிட்டது, குட்டியும் கூட இருக்கிறது, விரட்டவா, விடவா என்று கேட்டிருந்தார்.

"குட்டி வச்சிருக்கதப் போயி வெரட்டுவாகளா? இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று எழுதிப் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதுவது சுகமாக இருந்தது. அப்போது ஆலங்கட்டி மழை பெய்தது. அவள் குடைமேல் படபடவென்று விழுந்தது. என் மேல் ஒன்றும் விழவில்லை. எனக்கு அழுகை வந்தது. நனைய முடியவில்லையே என்று ஒருவன் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது நான்தான்.

"என்ன, கண்ணைத் தொடைக்கீய?"

"தூசி."

"வெளிய நான்தான இருக்கேன். ஒங்களுக்கு ஏது தூசி?"

அப்போதுதான் இடமாகச் சுற்றச் சொன்னதைச் சொன்னேன். அதுவரை மறைத்து வைத்திருந்தேன். இசக்கி மதினிதான் கொடியிலிருந்து துணியை எடுத்தபடி சத்தம் போட்டாள்.

"கூடவே கூடாது. உசுரோட இருக்கவள வச்சு இடமாச் சுத்துனா வெளங்குமா? அதுக்கு அவ வெளியவே இருக்கட்டும். நாங்க மூணு வேளையும் சாப்பாடு வீசுதோம்."

கூட்டம் ஆமாம் என்றது. நாற்காலிக்காரர்கள் நாற்காலியில் இருந்தபடியே ஆமாம் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கருவியை எடுத்தேன். திரும்ப வைத்தேன். ஒன்பதரைக்கு எடுத்தேன். ஈசான மூலையில் போய் நின்றேன். இடது கைப் பக்கம் வீடு இருக்கிற மாதிரித் திரும்பினேன். கால் எழவில்லை. பத்து மணி ஆனது. திரும்பி, வலமாகச் சுற்றுகிற மாதிரி நின்றேன். அதற்குக் கால் தானாகவே எழுந்தது. அதனால் பயனில்லை.

உலகம்மாள் மதிலருகே வந்து நின்றாள். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே இருந்து ஒரு செருப்பை எடுத்தாள். மதில்மேல் வைத்தாள். அதை முன்னால் நகர்த்திப் பார்த்தாள். பின்னால் நகர்த்திப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். "ஒங்க கையில இருக்க பெட்டிக்கு நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கீயன்னு தெரியுமா?"

"தெரியாது. எந்த மூலைக்குப் பிறகு எந்த மூலைன்னு மட்டும்தான் தெரியும்."

"அப்ப வலமாச் சுத்துதவன் மாதிரியே நில்லுங்க. வீடு ஒங்க வலதுகைப் பக்கம் இருக்கட்டும். நின்னுக்கிட்டு, பின்னாடி நடங்க."

நான் அவளையே பார்த்தேன். பதினோரு வருடம் மூலை எழுத்தராக இருந்தவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை.

"ஒங்க கைக்கு வலம். பெட்டிக்கு இடம்" என்றாள். "யாருக்கும் மனக்கொறை இல்ல. நடங்க, நேரமாகுது."

கூட்டம் இசக்கி மதினியைப் பார்த்தது. இசக்கி மதினி தன் வலது கையையும் இடது கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"வலமாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில். "என்னமோ செய்யட்டும்."

ஈசான மூலையில் பொத்தானை அழுத்தினேன். முதல் அடியைப் பின்னால் வைத்தேன். வீடு வலதுகைப் பக்கம் இருந்தது. ஆனால் நகர்ந்தது புதன்கிழமை நான் சுற்றி வந்த வழிக்கு எதிராக. வாயு மூலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் போகிற வழி தெரியவில்லை. விட்டு வந்த வழி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

உலகம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கமாக என்கூடவே நடந்தாள். எனக்கு அவள் குரல்தான் கண்.

"கல்லு கெடக்கு. காலத் தூக்கி வைங்க. ம், இப்ப நேரா. நாய் படுத்திருக்கு, மிதிச்சிராதீய."

வாயு மூலை. பொத்தான். பின்பக்கச் சந்தில் திரும்பினேன்.

"முருங்க மரம் வருது" என்றாள். "முட்டிக்காதீய."

"ஒரு தடவ முட்டியாச்சு."

"தெரியும். பாத்தேன்."

கன்னி மூலை. பொத்தான். மணி பத்து பத்தொன்பது. தெற்குப் பக்கம் சந்து குறுகலானது. அங்கே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க மாட்டேன் என்றார். காற்று வருகிற ஒரே இடம் இதுதான் என்றார். நான் பின்னாலேயே போய் அவர் மடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுந்துவிட்டார். நாற்காலியைத் தாண்டி நடந்தேன்.

அக்கினி மூலை. பொத்தான். பத்து இருபத்தாறு. இனி கிழக்குப் பக்கம் ஒன்றுதான். அதன் முடிவில் ஈசான மூலை, அதை ஒட்டிக் கேட். கூட்டம் செருப்பு வீசுவதை நிறுத்தியது. மேகங்கள்கூட முட்டுவதை நிறுத்தியிருந்தன.

"இன்னும் எத்தன அடி?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு."

"உலகு, பயமா இருக்கு."

"எனக்கும்தான். நடங்க. பதினொண்ணு. பத்து."

அவள் எண்ணினாள். நான் வைத்தேன். மூன்று என்றபோது செருப்பு வார் அறுந்தது. நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே வைத்தேன். ஒன்று என்றாள். நின்றேன். முதலில் நின்ற அதே இடம். மண்ணில் என் பழைய கால்தடம் இருந்தது. அதற்குள் காலை வைத்து ஐந்தாவது முறை பொத்தானை அழுத்தினேன்.

பத்தரை ஆனது. மேலே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. செயற்கைக்கோள் வேலை செய்கிறபோது கண்ணுக்குத் தெரியாது.

என் கழுத்துக்குப் பின்னால் ஏதோ பட்டது. குளிர்ந்த விரல். ஐந்து நாள் மழையில் ஊறிய விரல். மதிலுக்கு மேலே கையை நீட்டி, என் காலரின் கிழிசலுக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மதிலோடு நிற்கவில்லை. முழுக் கையும் இந்தப் பக்கம் இருந்தது. வளையலோடு.

நான் அசையவில்லை. அசைந்தால் எடுத்துவிடுவாளோ என்று இருந்தது.

"ரெண்டு விரலு போகுது" என்றாள்.

"தெரியும்" என்றேன். "ஆபீஸ்ல வச்சுப் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. கிழிஞ்சுதான் இருக்கு."

"இதச் சொல்லதுக்கு ஒங்களுக்குப் பூமியச் சுத்தணுமாக்கும்."

தெருவில் வெயில் விழுந்தது. டியூப் லைட்டை யாரோ அணைத்திருந்தார்கள். வானம் மதில்களைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. இசக்கி மதினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஊர் முழுக்க வெயில் காய்கிறது, கொடியை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்று சத்தம் போட்டாள். தார் சுட்டதும் கூட்டம் குதிக்க ஆரம்பித்தது. ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வந்து செருப்பைக் கேட்டார்கள். ஜோடி ஜோடியாகத் தயாராக இருந்தது. உலகம்மாள் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

தபால்காரர் சைக்கிளில் வந்தார். அவருக்கும் செருப்பு வேண்டியிருந்தது. போகும்போது ஒரு கடிதத்தைக் கொடுத்தார். கப்பல்காரரிடமிருந்து. அது இப்போது உங்கள் நடுக்கூடம் இல்லையாமே, குட்டி இன்னும் தாயை விட்டு நீந்தப் பழகவில்லை, என்ன செய்ய?

"இருக்கட்டும்னுதான நேத்து சொன்னோம்" என்றாள் உலகம்மாள். "வீடு நம்மளது இல்லன்னா சொன்ன சொல்லு மாறிப் போகுமா?"

மாறாது என்று எழுதிக் கொடுத்தேன்.

கேட்டுக்கு வந்தேன். உலகம்மாள் உள்ளேயிருந்து திறந்தாள். திறந்தது. ஊரின் செருப்பெல்லாம் போய் வாசல் வெறுமையாக இருந்தது. அறுந்த செருப்பையும் அறாத செருப்பையும் அங்கே கழற்றி விட்டேன். ஐந்து நாளுக்குப் பிறகு கழற்ற ஒரு இடம் கிடைத்தது. அவள் குனிந்து இரண்டையும் ஜோடியாக நகர்த்தி வைத்தாள்.

பின்னாலேயே நடந்து பழகியிருந்ததால் பின்னாலேயே நடந்து உள்ளே போனேன்.

"படி இருக்கு" என்றாள் அவள்.